மாசி மாதத்தில் அட்டை

சேரம்பாடிப் பக்கம் எஸ்டேட் ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, முதல் மழையிலேயே அட்டை பழகிவிடும். சேலை மடிப்பில் ஏறும், காலுறைக்குள் ஏறும். கடிப்பது தெரியாது. துணி நனைந்து சிவந்த பிறகுதான் தெரியும். பிடுங்கி எறிந்தாலும் ரத்தம் நிற்க நேரமாகும். பெண்கள் காலில் சுண்ணாம்பும் புகையிலையும் தடவிக்கொண்டுதான் கொழுந்தெடுக்கப் போவார்கள். இந்த மலைகளைப் பற்றிய பழைய குறிப்புகளைத் தேடிப் படிப்பது என் வழக்கம். காடு திருத்த வந்த துரைமார் புலியைப் பற்றி எழுதியதைவிட அட்டையைப் பற்றிப் புலம்பியது அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆண்டில் பாதி நாள் தங்கள் ரத்தத்தைத் தாங்களே பார்க்கிற மனிதர்கள் அதைக் கண்டு பதறுவதை விட்டுவிடுவார்கள். அதனால் என்ன நேரும் என்பதை நான் ஒரு மாசி மாதத்தில் பார்த்தேன். நர்ஸாகப் பணியில் இருந்த காலம் முழுவதும் நாட்குறிப்பு எழுதியவள் நான். தேதியைச் சொல்லாமல் ஒரு சம்பவத்தைச் சொல்ல எனக்கு வராது. ஆனாலும் சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் இந்த மலையில் இருக்கிறார்கள். அதனால் மாதங்களை மட்டும் சொல்கிறேன், ஆண்டை விட்டுவிடுகிறேன். தேயிலை விலை சரிந்திருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சரிவை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரத்தில் பாதி நாள்தான் வேலை. சிறு விவசாயிகள் விற்க முடியாத பச்சைக் கொழுந்தைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். திருப்பூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது, அத்தனை இளைஞர்கள் இறங்கிப் போனார்கள். எங்கள் எஸ்டேட்டில் இரண்டு டிவிஷன்கள். சிக்கனம் என்று சொல்லித் தை மாதத்தில் கீழ் டிவிஷன் டிஸ்பென்சரியை மூடிவிட்டு, அந்த ஜனங்களையும் மேல் டிவிஷனில் இருந்த என்னிடம் அனுப்பினார்கள். வாரம் இரண்டு முறை கூடலூரிலிருந்து வந்துகொண்டிருந்த டாக்டரின் வருகையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று சுருங்கியது.

அப்படிக் கீழ் டிவிஷனிலிருந்து வந்தவள்தான் மல்லிகா. கொழுந்தெடுப்பவள். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். வயது இருபத்தாறு. மாசி மாதம், நல்ல வெயில். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கடைசியில் வந்தாள்.

"சிஸ்டரம்மா, அட்ட வெளிய வர்றதுக்கு மருந்து இருக்குங்களா?"

என் உதவிக்கு இருந்த ஆயா குஞ்ஞம்மா, பந்தலூர்க்காரி, பேச்சில் பாதி மலையாளம், வாயைக் கட்டத் தெரியாதவள். கொல்லென்று சிரித்துவிட்டாள்.

"மாசியில எவிட மல்லிகே அட்ட? அதும் லே-ஆஃப்ல போயி கேட்டோ!"

மல்லிகாவும் விடவில்லை. "உங்களுக்குச் சிரிப்பா இருக்கு சேச்சி. ஆடியில ஏறுனது. எறங்கிப் போக மனசில்ல அதுக்கு. என் ரத்தம் அவ்வளவு ருசி போல."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "எங்க கண்ணு கடிச்சிருக்கு, காட்டு" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. குஞ்ஞம்மாவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"உள்ள இருக்குங்க."

அங்கிருந்துதான் பேச்சு மாறியது. அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். ஆடி மாத மழையில் தேயிலைச் செடி மறைவில் வெளிக்கு உட்கார்ந்தபோது ரத்தம் வந்திருக்கிறது. அட்டை உள்ளே ஏறிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அது தெரிந்த பயம்தான், நடக்காத விஷயமும் அல்ல. அதற்கு அவர்களிடம் ஒரு வைத்தியமும் இருக்கிறது. பெரிய பேசினில் உப்பைக் கரைத்து அதில் உட்கார வேண்டும். உப்பு பட்டால் அட்டை கழன்று விழுந்துவிடும்.

"எத்தன தடவ கண்ணு உக்காந்த?"

"எத்தன தடவன்னா என்னங்க? தெனம்தான். எல்லாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி."

"ஆடியில இருந்தா?"

"ஆமாங்க."

குஞ்ஞம்மாவின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. நான் மல்லிகாவை உள்ளே அழைத்துப் படுக்க வைத்துப் பார்த்தேன். உப்பு அரித்து அந்தத் தோல் வெந்துபோயிருந்தது. மழைக்காலம் முழுவதும், பனிக்காலம் முழுவதும், இல்லாத ஒரு பூச்சிக்காக ஒரு பெண் தன் உடம்பை உப்பில் ஊற வைத்திருக்கிறாள். அதே உடம்போடு மலை ஏறி இறங்கியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. கட்டினவனுக்கும் தெரியாது.

இனி நான் கேட்ட கேள்விகள். உங்களுக்கு இவைதான் முக்கியம்.

ரத்தம் நடக்கும்போது வருகிறதா, வெளிக்குப் போகும்போது மட்டுமா? போகும்போது மட்டும். மேலே சொட்டுகிறதா, கலந்து வருகிறதா? கலந்து வருகிறது, சளி மாதிரியும் சேர்ந்து. போய்விட்டு வந்தால் வயிறு லேசாகிறதா? இல்லை, "போயிட்டு வந்தும் போகாத மாதிரியே இருக்குங்க." முன்பு போலவே போகிறதா? அவள் சுண்டு விரலைக் காட்டினாள். "இப்படி மெலிசாத்தான்." உடம்பு? "ரவிக்கைய ரெண்டு தடவ பிடிச்சுத் தச்சுட்டேன். எல்லாரும்தான மெலிஞ்சு போனோம் சிஸ்டரம்மா, நான் மட்டுமா?"

இந்தக் கடைசி வார்த்தை என்னைப் பிடித்து நிறுத்தியது. உண்மைதான், எல்லோரும் மெலிந்திருந்தார்கள். எல்லோரும் வெளுத்திருந்தார்கள், எல்லோரும் களைத்திருந்தார்கள். மூடிய டிஸ்பென்சரியில் அவளுக்கு இரும்புச் சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். கொழுந்தெடுக்கும் பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் சரியான மருந்து. அவள் முகத்தில் ரத்தமில்லை, கொடுத்தார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஏன் ரத்தமில்லை என்று கேட்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு உதவியது மாதங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும் என் பழக்கம். ஆடியில் ரத்தம் வந்ததற்கு அட்டை காரணமாக இருக்கலாம். ஐப்பசியிலும் இருக்கலாம். கார்த்திகை கடைசியில் மழை விட்டு, மார்கழியில் உறைபனி விழுந்து, தரை காய்ந்துவிட்டது. தை மாதத்தில் ஏது அட்டை? மெலிந்ததற்கு வேலை இல்லாத நாட்கள் காரணமாக இருக்கலாம். ஆனால் மார்கழியில் சில வாரம் முழு வேலை கிடைத்தது, எஸ்டேட் கொடுத்த லயன் வீடுகளில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது, மற்றவர்களின் கன்னத்தில் கொஞ்சம் சதை திரும்பியது. இவளுக்குத் திரும்பவில்லை. ஒவ்வொரு அறிகுறிக்கும் எஸ்டேட்டில் ஒரு காரணம் தயாராக இருந்தது. அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியான பிறகும் அறிகுறி மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

நோயின் பெயரை நான் மனதுக்குள்கூடச் சொல்லவில்லை. இருபத்தாறு வயது. பெருங்குடல் புற்றுநோய் வயதானவர்களுக்கு வருவது என்றுதான் நாங்கள் படித்திருந்தோம்.

டாக்டர் வர இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. "நாளைக்கு வர்றேங்க" என்று மல்லிகா எழுந்துவிட்டாள். நாளைக்கு என்று சொல்லிப் போனவர்கள் திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. டிஸ்பென்சரியைப் பூட்டினேன். அவளையும் குஞ்ஞம்மாவையும் கூட்டிக்கொண்டு, வந்த ஜீப்பில் ஏறிக் கூடலூருக்குப் போனேன். வழக்கமாக ஜீப் டிரைவரையே வம்புக்கு இழுக்கும் குஞ்ஞம்மா வழியெல்லாம் மல்லிகாவின் கையைப் பிடித்தபடி வந்தாள்.

டாக்டர் வீட்டு முன்னறையில்தான் நோயாளிகளைப் பார்ப்பார். கையுறை போட்டுக்கொண்டு பரிசோதித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ விபத்துகளையும் யானை மிதித்து வந்தவர்களையும் பார்த்த மனிதர் அவர். விரல் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அவர் கண் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. கையை எடுத்தார். கையுறையைக் கழற்றாமலே நின்றார்.

"அம்மா அப்பா இருக்காங்களாம்மா?"

"அப்பா இருக்காருங்க. அம்மா கப்பல்ல வந்த வருசமே போயிட்டாங்க. நான் கைக்கொழந்த."

"என்னவாம்?"

"சீதபேதின்னு சொல்லுவாங்க. ரத்தமா போயிருக்கு. சின்ன வயசுதான்."

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். "கெட்டியா, கல்லு மாதிரி கையில தட்டுது சிஸ்டர். ஏழு மாசமா விரல் எட்டுற தூரத்துலதான் இருந்திருக்கு." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூலம்னு கேட்டு இந்தப் பொண்ணு வந்திருந்தா, வயசைப் பார்த்து நானும் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அட்டைன்னு வந்தா பாருங்க, அதான் தப்பிச்சா."

தப்பித்தாள் என்று சொல்ல அப்போது எந்த உறுதியும் இல்லை. கோயம்புத்தூருக்கு உடனே போக வேண்டும் என்று கடிதம் கொடுத்தார்.

அன்று மாலை அவள் கணவன் ரவியைப் பார்க்க ஃபேக்டரிக்குப் போனேன். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தான். மல்லிகா வழியில் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், எந்த இடம் என்று அவனிடம் சொல்லக் கூடாது என்று. நான் கொடுத்த வாக்கை வைத்துக்கொண்டு அவனிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் அன்றைக்கு எனக்கு மருத்துவத்தைவிடக் கடினமாக இருந்தது.

"ஏனுங்க சிஸ்டர், மல்லிக்குப் பொம்பளைங்க சமாச்சாரமா?" என்றான்.

"இல்லீங்க தம்பி. வயித்துல ஒரு கட்டி. டாக்டர் பார்த்துட்டாரு. உடனே கோயம்புத்தூர் போகச் சொல்றாரு."

"இப்பப் போயா? ஆள் கொறைக்கிறாங்க. காலையில பிரட்டுல பேர் கூப்பிடறப்ப ஆள் இல்லைன்னா பேரையே அடிச்சுருவாங்கன்னு பேசிக்கிறாங்க. மழ வரட்டும், போலாம்."

"தம்பி, பேரை அடிச்சா நானே வந்து வேலை பிரிக்கிற கண்டக்டர்கிட்ட நிக்கறேன். மழ வர்ற வரைக்கும் அந்தப் புள்ள தாங்காது."

அவன் என் முகத்தைப் பார்த்தான். "என்ன கட்டிங்க?"

"என்னன்னு நிச்சயமா எனக்குத் தெரியாது. சாதாரணம் இல்லைன்னு தெரியும். உங்க சம்சாரம் ஆடி மாசத்துல இருந்து வலியோட கூடை தூக்கியிருக்கு. மிச்சத்த அதுகிட்டயே கேளுங்க. அதட்டாமக் கேளுங்க."

என்ன கேட்டானோ, அவள் என்ன சொன்னாளோ, நான் விசாரிக்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு இருவரும் நின்றார்கள். ரவியின் கண் வீங்கியிருந்தது. நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன்.

கோயம்புத்தூரில் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்துப் புற்றுநோய்தான் என்று உறுதி சொன்னார்கள். ஈரலுக்குப் போகவில்லை என்றும் சொன்னார்கள். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அறுவை சிகிச்சை டாக்டர் அடுத்துச் சொன்னதைக் கேட்டு மல்லிகா கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள். கட்டி மிகவும் கீழே இருந்ததால் ஆசனவாயையே எடுக்க வேண்டும். மலம் போவதற்கு வயிற்றில் ஒரு துவாரம் வைத்து, அதில் பை மாட்டிக்கொள்ள வேண்டும், ஆயுள் முழுவதும்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். நான் ஊட்டுக்குப் போறேன்."

"ஏம்மா, உசுரு வேணாமா?" என்றார் டாக்டர். அவரும் இளைஞர்தான். தன் வயதுக்காரி ஒருத்தியிடம் இதைச் சொல்ல நேர்ந்ததில் அவர் குரலே சரியாக இல்லை.

"உசுர வச்சுக்கிட்டு என்னங்க பண்றது? வயித்துல பைய மாட்டிக்கிட்டு எப்படிக் கொழுந்தெடுக்கிறது? படங்கு எங்க கட்டுறது?"

அவருக்குப் புரியவில்லை. படங்கு என்றால் செடி கிழிக்காமல் இருக்கவும் நனையாமல் இருக்கவும் பெண்கள் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்ளும் தடித்த ஷீட் என்று நான் சொன்னேன். ரவி தலையைக் குனிந்துகொண்டு, "வேலைக்குப் போகாட்டிப் பரவால்ல மல்லி, நீ இருந்தாப் போதும்" என்றான்.

"நீ சும்மா இரு. போகாட்டி லயன்ல இருந்து எறக்கிருவான். அப்புறம் எங்க போயி இருக்கிறது?"

அவள் அழவில்லை. சண்டைக்காரி போல நின்றாள். பிழைக்க வழி இருக்கிறது என்று கேட்ட அதே நாளில், ஒரு ஷீட்டுக்காக இந்தப் பெண் சாகப் போகிறாளே என்று திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த டாக்டர் செய்ததை நான் எல்லா ஊர்களிலும் சொல்லியிருக்கிறேன். கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்து அவளிடம் நீட்டினார். "எப்படிக் கட்டுவீங்க, கட்டிக் காட்டுங்க."

அவள் சந்தேகத்தோடு வாங்கிச் சேலைமேல் சுற்றி முடிச்சுப் போட்டாள். "இப்பக் குனிங்க, கொழுந்து எடுக்கற மாதிரி." குனிந்தாள். கைகள் தாமாக இல்லாத செடியின் மேல் ஓடின. "கூடைய மாட்டுனா எங்க அழுத்தும்?" காட்டினாள். அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, நிற்க வைத்துப் பார்த்தார், உட்கார வைத்துப் பார்த்தார். முடிச்சும் மடிப்பும் படாத ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் பேனாவால் வயிற்றில் புள்ளி வைத்தார்.

"துவாரத்த இங்க வைக்கிறேன். முடிச்சு இதுக்கு மேல வராது. சரியா?"

மல்லிகா அந்தப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போர்வையை இன்னொரு முறை கட்டினாள், இறுக்கினாள், குனிந்து நிமிர்ந்தாள்.

"சரிங்க. வெட்டுங்க."

அதன் பிறகு நடந்தது நீளமான கதை. முதலில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள், பிறகு ஆபரேஷன், பிறகு மாதக்கணக்கில் ஊசி. முடி உதிர்ந்து, வாய் புண்ணாகி, ஒரு கட்டத்தில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். அந்த விவரங்கள் உங்கள் புத்தகங்களில் இருக்கின்றன. அவள் பிழைத்தாள் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்ற விழாவில் பரிமாறியவர்களில் அவளும் ஒருத்தி. இன்றும் இருக்கிறாள்.

நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ரத்தம் வருகிறது என்று இளம் வயதுக்காரர் யார் சொன்னாலும், அந்த ஊரில் அதற்கு ஒரு காரணம் தயாராக இருக்கும். இங்கே அட்டை. திருப்பூரில் உட்கார்ந்தே செய்யும் வேலை. மசினகுடியில் ஜீப் ஓட்டும் பையன்கள் உடம்புச் சூடு என்பார்கள். அந்தக் காரணம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதுதான் ஆபத்து. எப்போது தொடங்கியது, நடுவில் நின்றதா, காரணம் போன பிறகும் இருக்கிறதா என்று மாதம் மாதமாகக் கேளுங்கள். மலம் போகும் பழக்கம் மாறிவிட்டதா, போன பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுகிறதா, காரணமில்லாமல் மெலிகிறார்களா, வயிற்று வலி விடாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். ரத்தசோகைக்கு மாத்திரை கொடுக்கும்போது ரத்தம் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பெற்றோர் எதனால் இறந்தார்கள் என்று கேளுங்கள். எந்த வயதையும் பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். கேட்டதோடு நிற்காமல் டாக்டரைப் பரிசோதிக்க வையுங்கள்.

மல்லிகா அடுத்த ஆண்டு தை முடிந்து வேலைக்குத் திரும்பினாள். பேரை அடிக்கவில்லை. நான் போய் நிற்க வேண்டிய அவசியமும் வரவில்லை, கண்டக்டர் மனிதர்தான். அன்று காலை பிரட்டுக்களத்தில், அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் திடலில், நானும் இருந்தேன். முதல் நாள் அவள் தாங்குகிறாளா என்று பார்க்க வந்திருந்தேன். பெண்கள் தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு, கலைக்கப் போய்க் கெட்டுப்போனது என்று இன்னொரு பேச்சு. அது அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

படங்கைக் கட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"என்ன சீக்குன்னு என்கிட்டயே கேளுங்கடி. பின்பக்கமா ரத்தம் வந்துச்சு. அட்டைன்னு நெனச்சேன். அட்ட இல்ல, புத்துநோய். அறுத்துட்டாங்க. இந்தா, வயித்துல பை இருக்கு, யாருக்காச்சும் பார்க்கணும்னா வாங்க, காட்றேன்."

கண்டக்டர் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஆண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"உப்புத் தண்ணியில உக்கார்றவ எவ இருந்தாலும் எந்திரிச்சு சிஸ்டர்கிட்ட போங்க. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுக் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டாள். யாரும் அசையவில்லை. பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள். வரிசையின் கோடியில், அந்தத் தை மாதத்தில்தான் கல்யாணமாகி வந்திருந்த ஒரு பெண், தன் பெயர் வருவதற்கு முன்பே கூடையைக் கீழே வைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க, திடலைக் கடந்து ஆஸ்பத்திரிப் பாதையில் நடந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம், தலை நரைக்காத இன்னும் இரண்டு பேர்.

இத்தனை பேரா என்று நினைத்துக்கொண்டே, அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று குறுக்குப் பாதையில் ஓடினேன்.

டாக்டரை அன்றே வரவழைத்தோம். அந்தப் புதுப் பெண்ணுக்கு இருந்தது சாதாரண மூலம்தான். மற்றவர்களுக்கும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை ஊகித்துச் சொல்லவில்லை, பரிசோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னோம்.